தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுத்தர வர்க்கம்னா யார்? இத்தனை ஆயிரம் சம்பளம் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

சட்டத்தில் எங்கும் இல்லை. ஒவ்வொரு திட்டமும் தன் வசதிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வைத்த வரம்பு 2.5 லட்சம். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான ஒன்றிய அரசின் 10% ஒதுக்கீட்டுக்கு 8 லட்சம். 2025-26 முதல் புதிய முறையில் வருமான வரி கட்டத் தொடங்குவது 12 லட்சத்துக்கு மேல். பிரைஸ் என்ற ஆய்வு அமைப்போ, 2020-21 விலைவாசியில் ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களை நடுத்தர வர்க்கம் என்கிறது. ஏழு லட்சம் வருமானம் உள்ள குடும்பம் ஒரு அலுவலகத்தில் நலிந்த பிரிவு, பக்கத்து அலுவலகத்தில் வசதியானவர்கள்.

இந்தக் கேள்வி பதிலில் நான் மனதில் வைத்திருப்பது கோட்டின் கீழ்ப்பக்கத்தில் நிற்கிறவர்களை. மூன்று வேளைச் சாப்பாடு, டூவீலர், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் இருக்கும். வீட்டில் ஒருவருக்கு ஆஞ்சியோ என்றால் மட்டும் வளையல் அடகுக்குப் போகும். மாதம் இருபதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை சம்பாதிக்கும் இந்தக் குடும்பங்கள்தான் 'நாங்க மிடில் கிளாஸ்' என்று அழுத்திச் சொல்கிறவர்கள். 30 லட்சக்காரர் தன்னைப் பார்த்துக்கொள்வார்.

இந்த வர்க்கம் தமிழ்நாட்டில் எப்படி உருவானது?

சம்பளம் வருவதற்கு முன்பே சாப்பாடும் பள்ளிக்கூடமும் வந்ததால் உருவானது. 1920-இல் நீதிக்கட்சிக் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு போட்டது. காமராசர் அதை 1956-இல் மாநிலத்துக்குக் கொண்டுபோனார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார், 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. காமராசருக்குப் பிறகு ஆட்சியில் கட்சி மாறினாலும் இந்த ஒன்றை எவரும் நிறுத்தவில்லை.

இன்னொரு பக்கம் வேலை. 1955-இல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம், 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை, அறுபதுகளில் திருச்சி பெல் (பாய்லர் ஆலை), ஆவடி டேங்க் தொழிற்சாலை. பெரிய ஆலைகளில் குவார்ட்டர்ஸ், கேன்டீன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் வேலையோடு சேர்ந்தே வந்தன. 'அப்பா பெல்லில் இருந்தார்' என்று சொன்னால் திருச்சிப் பக்கத்தில் அந்த வீட்டைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

இடஒதுக்கீடுதான் இந்த வாசலை அகலமாக்கியது. இன்றைய 69% ஒதுக்கீடு 1994-இல், சட்டங்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஏறியது. 1984 வாக்கில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றின் தரம் பற்றிப் பேச நிறைய உண்டு, ஆனால் ஐ.டி. வந்தபோது வேலைக்கு எடுக்க ஆள் இருந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது அதை நிரப்பியவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 2021-22 கணக்கில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4%, தமிழ்நாட்டுக்கு 47%.

வறுமையிலிருந்து வெளியே கொண்டுவருவதில் மாநிலம் கெட்டிதான். உடல்நலம், படிப்பு, வாழ்க்கைத்தரம் மூன்றையும் வைத்துப் போடும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21-இல் தமிழ்நாடு 2.2%, நாடு ஏறத்தாழ 15%. வெளியே வந்தவர்களைத் தாங்கிப் பிடிப்பதில்தான் கோளாறு.

சம்பளம் கூடிக்கொண்டேதான் போகிறது. ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லையே, ஏன்?

விலைவாசி என்பது பாதி பதில். மீதிப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை: சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டும்போது, வருவதைவிடப் போவது அதிகமாகிவிடுகிறது.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவருக்குத்தான் அது. தொழிலாளி 0.75%, முதலாளி 3.25%. 21,000 வாங்குபவர் கட்டுவது மாதம் 158 ரூபாய். அதற்கு அவருக்கும் மனைவி மக்களுக்கும், நம்பியிருக்கும் பெற்றோருக்கும் முழு மருத்துவம். சென்னை கே.கே. நகரிலும் கோவை சிங்காநல்லூரிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சம்பளம் 22,000 ஆனால், நடப்பு ஆறு மாதத் தவணை முடிந்து, அதற்குரிய பலன் காலமும் கழிந்ததும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். முதலமைச்சர் காப்பீடும் கிடையாது, ஏனென்றால் ஆண்டு வருமானம் 2.64 லட்சம் ஆகிவிட்டது. ஆயிரம் ரூபாய் இன்கிரிமென்ட் வாங்கியவர் வயதான அம்மா அப்பாவையும் சேர்த்துத் தனியார் பாலிசி எடுக்கப் போனால் அந்த ஆண்டின் உயர்வு அதிலேயே கரைந்துவிடும். எடுக்காமல் விட்டால் ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில்லில் பல ஆண்டுச் சேமிப்பு காலி. இந்த 21,000 என்ற வரம்பு வைத்தது 2017 ஜனவரியில். அதற்குப் பிறகு சம்பளங்கள் எங்கேயோ போய்விட்டன.

மின்கட்டணத்திலும் இதே கதை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு யூனிட் பாதி விலை. 500 யூனிட்டைத் தாண்டியதும் அந்தப் பாதி விலை பறிபோகும். 500-இல் நிற்கிறவருக்கும் 510-க்குப் போனவருக்கும், 2024-இல் உயர்த்திய கட்டணப்படி, முந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மே மாதத்தில் ஒரு ஏ.சி. ஓடினால் 510 என்பது ஒன்றுமே இல்லை.

பி.எஃப். வேறு வகை. சட்டப்படி கட்டாயமான சம்பள உச்சவரம்பு 15,000. அதனால் 40,000 சம்பளக்காரருக்கும் 1,800 மட்டும் கட்டிவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்குப் போவது அதிலிருந்து 1,250. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாயில் இன்று கேஸ் சிலிண்டர் வாங்கினால் மிச்சத்தில் ஒரு நாள் காய்கறி வாங்கலாம்.

உதவிகள் படியிலிருந்து தள்ளிவிடுவதுபோல் நிற்காமல் சாய்தளம்போல் மெல்லக் குறைய வேண்டும். வருமானம் வரம்பைத் தாண்டியவர் கூடுதல் பங்கு கட்டி இ.எஸ்.ஐ.யிலோ மாநிலக் காப்பீட்டிலோ தொடர வழி வேண்டும். என்னைக் கேட்டால், நடுத்தர வர்க்கத்துக்கென்று புதிதாக ஒரு திட்டம், அதற்கு ஒரு பெயர், ஒரு அட்டை என்று போவதைவிட இந்த ஒரு திருத்தம் அதிகம் செய்யும்.

வரி கட்டுறது நாங்க, இலவசம் அவங்களுக்கா?

இந்தக் கேள்வியில் கோபம் நியாயமானது, கணக்குத்தான் தப்பு. சோப்பு, எண்ணெய், செல்போன் ரீசார்ஜ் எதற்கும் ஜி.எஸ்.டி. ஏழைக்குத் தனி, நமக்குத் தனி என்று கிடையாது. தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் இலவசம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களிடம் டிக்கெட் கேட்காதபோது வருமானச் சான்றும் கேட்கவில்லை. பல மாநிலங்கள் வறுமைக்கோட்டு அட்டை என்று பிரித்தபோதும் இங்கே ரேஷன் பொது விநியோகமாகவே நின்றது. எல்லோருக்கும் என்று வைத்தவைதான் நீடித்தன. வசதியுள்ளவரும் வரிசையில் நின்றால் கடை சுத்தமாக இருக்கும் என்பது ரேஷன் கடைக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். கோபப்பட வேண்டியது, வரியும் கட்டி, அதே சேவையைத் தனியாரிடம் இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பதற்கு.

வருமான வரியைக் குறைத்துவிட்டார்களே, போதாதா?

மாதச் சம்பளக்காரருக்குக் கழிவோடு சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன குடும்பங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பும் கட்டியதில்லை. அவர்களுக்கு உண்மையில் உதவியது 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 18% ஜி.எஸ்.டி. நீங்கியது.

வருமான வரி, ஜி.எஸ்.டி., பி.எஃப். எல்லாம் டெல்லி. மாநிலத்தின் கையில் என்ன இருக்கிறது?

நிறைய. வருமான வரி மாநிலத்தின் கையில் இல்லை. தொழில் வரியோ ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பில் கட்டிப்போடப்பட்டது, அதுவும் உள்ளாட்சிக்குப் போகிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவைப் பார்த்தால் வாடகை, பள்ளிக் கட்டணம், மின்சாரம், பேருந்து, ஆஸ்பத்திரி, தண்ணீர் என்று பாதிக்கு மேல் மாநிலமும் உள்ளாட்சியும் தொடும் விஷயங்கள். நிலப் பதிவை நடத்துவதும் மாநிலம்தான். நல்ல அரசுப் பள்ளி ஒரு வீட்டுக்கு மிச்சப்படுத்தும் பணம், பல வரிச் சலுகைகளைவிடப் பெரிது.

தொழிற்சாலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் நடுத்தர வர்க்கம் வளராதா?

வளரும், வேலை நிலைத்தால். ஸ்ரீபெரும்புதூர் நல்ல பாடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள், வாடகை வீடுகள், மெஸ், ஒர்க்‌ஷாப் என்று ஒரு ஊரே எழுந்தது. அதே வட்டாரத்தில் 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடியது. மறைமலைநகர் ஃபோர்டு 2021-இல் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மூடியபோது ஆலைக்குள் இருந்தவர்களுக்கு இழப்பீடு பற்றிப் பேச்சாவது நடந்தது. வேன் ஓட்டியவருக்கும், கடன் வாங்கி வாடகைக்கு மாடி கட்டியவருக்கும் அதுவும் இல்லை.

எத்தனை வேலை என்று அறிவிப்பார்கள். அதில் நிரந்தரம் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை என்று கேட்பவர் குறைவு. பதினோரு மாதம் வேலை பார்த்து இடைவெளி விட்டு மறுபடி எடுக்கப்படுகிறவர் வங்கிக்குப் போய் வீட்டுக்கடன் கேட்க முடியாது. சிப்காட்டில் நிலம், மின்சாரம், மூலதன மானியம் எல்லாம் கொடுக்கிற அரசு, அந்த மானியத்தை நேரடி நிரந்தர வேலைகளின் எண்ணிக்கையோடு இறுக்கிக் கட்டலாம். முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயம் அதிகாரிகளுக்கு உண்டு. பயம் வீணானதும் இல்லை.

தொழிற்சங்கத்தையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்களின் துணையோடு பின்னி ஆலைத் தொழிலாளர்கள் கூடி உண்டாக்கியது. பிற்காலத்தில் பெரிய ஆலைகளில் கிடைத்த போனஸ், கிராஜுவிட்டி, வேலைப் பாதுகாப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது சம்பளத்துக்காக மட்டும் இல்லை, சங்கத்தை அங்கீகரிக்கவும்தான். தொழிலாளியை நடுத்தர வர்க்கமாக்கியது சங்கம் என்பதை மறந்துவிட்டு நடுத்தர வர்க்கத்தை வளர்ப்பது பற்றிப் பேசுகிறோம்.

வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால்தான் முடியும் என்கிறார்களே?

உண்மை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் சுமார் 43% பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கிறது ஆண்டுத் தொழில் ஆய்வு. அவர்களில் பலர் இருபதுகளில் இருக்கும் இளம்பெண்கள், கல்யாணம், குழந்தை என்றதும் நின்றுவிடுகிறார்கள். நிற்பது விருப்பத்தால் என்று சொல்லிவிட முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

தங்குமிடத்தின் தரம் என்ன செய்யும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. விடுதி உணவு ஒத்துக்கொள்ளாமல் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதும் சக தொழிலாளிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கை வசதியுள்ள குடியிருப்பு திறக்கப்பட்டது. அரசின் 'தோழி' விடுதிகளும் நல்ல முயற்சி. அடுத்தது குழந்தைக் காப்பகம். அங்கன்வாடிக் கட்டமைப்பு ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கிறது. நகரத்திலும் தொழிற்பேட்டையிலும் அதை மாலை ஆறரை வரை திறந்து வைத்தால் எத்தனை வீடுகளில் இரண்டாவது சம்பளம் நிற்காமல் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசு வேலைகளைக் கூட்டினால் என்ன?

காலியிடத்தை நிரப்ப வேண்டும்தான். ஆனால் 2024 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இடங்கள் பத்தாயிரத்துக்கும் கீழே. அந்த வழியாக ஒரு வர்க்கத்தையே வளர்க்க முடியாது. ஐந்தாண்டு கோச்சிங்கில் போகிற இளமைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு?

படித்த புதிய தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டம் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான தொழிலுக்கு 25% மானியம் தருகிறது, உச்சம் 75 லட்சம். பட்டியலின, பழங்குடியினருக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35%. தொடங்குவதற்கு வழி இருக்கிறது. நடத்துவதுதான் பாடு. கோவையில் பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஆர்டர் எடுத்து நான்கு லேத் ஓட்டுபவரைக் கேளுங்கள். முதலில் சொல்வது பேமென்ட் வராததை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தராவிட்டால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. ஆனால் அடுத்த ஆர்டரும் அதே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்னும்போது யார் புகார் கொடுப்பார்? அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் பாக்கியை நாள் தவறாமல் கொடுத்தாலே பாதி மூச்சு திரும்பும். நிலைக்கட்டணம், உச்சநேரக் கட்டணம் என்று ஏறிய மின்செலவை எதிர்த்து 2023 செப்டம்பரில் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. திருப்பூருக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50% வரி வேறு. இது மாநிலத்தால் தடுக்க முடிகிற அடி இல்லை, தாங்க வைக்க மட்டுமே முடியும்.

பள்ளிக் கட்டணம் கட்டியே தீர்ந்துபோகிறோம். வழி?

தனியார் பள்ளிக் கட்டணத்தை வரையறுக்க 2009-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது; குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை நிர்ணயிக்கிறது. பெற்றோர் அந்த ஆணையைக் கேட்டுப் பார்க்கத் தயங்குகிறார்கள், பிள்ளை அங்கேதானே படிக்க வேண்டும் என்று. இன்னொரு கணக்கையும் குடும்பங்கள் இப்போது போடத் தொடங்கியிருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5% உள்ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போனதும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்', ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' வழியே மாதம் ஆயிரம். நடுவில் ஒரே ஒரு ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் அந்த 7.5% கதவு மூடும். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

சொந்த வீடு?

மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. முப்பது லட்சம் மனைக்கு 2.7 லட்சம், அதாவது பலருக்கு ஓராண்டுச் சேமிப்புக்கும் மேல். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறைவு. சென்னைக்குள் பத்து லட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள். முதல் வீடு வாங்குகிறவருக்குத் தீர்வையைப் பாதியாக்கிவிட்டு, நான்காவது மனையை முதலீடாக வாங்குபவரிடம் முழுதாக வாங்கலாம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுக் கட்டட அனுமதி நிஜமான நன்மை: 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம்.

வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?

அடுத்த பத்தாண்டின் பெரிய பாரம் இதுதான். மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-இல் 13.6%, 2031-இல் 18.2%. பிள்ளைகளோ வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எழுபது வயதான எவருக்கும் வருமானம் பார்க்காமல் ஒன்றியக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை 2024 அக்டோபரில் வந்தது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 'நாம கேட்டா கொடுப்பாங்களா' என்று கூச்சப்படும் குடும்பங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அரசு செய்வது இருக்கட்டும். இந்த மாதம் நாங்கள் என்ன செய்யலாம்?

சம்பள உயர்வு 21,000-ஐத் தாண்டப் போகிறது என்று தெரிந்தால், இ.எஸ்.ஐ. தவணை முடியும் மார்ச் அல்லது செப்டம்பருக்கு முன்பே மருத்துவப் பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் திறந்து ஒவ்வொரு மாதமும் பணம் விழுகிறதா என்று பாருங்கள், சம்பளச் சீட்டில் பிடித்ததைக் கட்டாத நிறுவனங்கள் உண்டு. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றைக் கவுன்சலிங்குக்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பியுங்கள், பொறியியலில் கல்விக் கட்டணச் சலுகை அதைப் பொறுத்தது. சீட்டு கட்டுவதாக இருந்தால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் கட்ட வேண்டாம்.